கடலுக்குள் போகலாம், கயிறு யார் கையில்?

புதுக்கோட்டைக்கு அருகே நார்த்தாமலை இருக்கிறது. அங்குள்ள மேலமலையில் ஒரு சுனை உண்டு. அதற்குத் தலையருவிச் சிங்கம் என்று பெயர். அந்தச் சுனையின் நீருக்கு அடியில், பாறையைக் குடைந்து செய்த சிறு கோவில் ஒன்று மறைந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு சிவலிங்கம் இருக்கிறது.

ராமச்சந்திர தொண்டைமான் 1839-ம் ஆண்டு முதல் 1886-ம் ஆண்டு வரை புதுக்கோட்டையை ஆண்டவர். அவருடைய ராணி இந்த லிங்கத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார். சுனை நீர் முழுவதும் இறைக்கப்பட்டது. ராணி பூஜை செய்து வணங்கினார். அங்கே உள்ள கல்வெட்டு இந்தச் செய்தியைச் சொல்லுகிறது.

நீருக்கு அடியில் என்ன இருக்கிறது? இந்த ஆசை மனிதனுக்குப் புதியது அல்ல. நம் மாவட்டத்துக்கும் புதியது அல்ல. ராணி சுனையை இறைத்துப் பார்த்தார். ஆனால் கடலை இறைக்க முடியுமா?

முடியாது. ஆகையால் மனிதன் வேறு வழி கண்டுபிடித்தான். காற்றை ஒரு உருளையில் அடைத்தான். அதை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினான். இதற்குத்தான் ஸ்கூபா என்று பெயர்.

முன்பெல்லாம் இது கடற்படைக்காரர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் செய்யும் வேலை. இன்று குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர்களும் செய்கிறார்கள். நம் ஊர் வீடுகளிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது.

"பரீட்சை முடிந்ததும் கடலுக்கு அடியில் போய் மீன் பார்க்கலாம், அப்பா!" என்கிறான் மகன்.

"எவ்வளவு செலவு ஆகும்?" என்று கேட்கிறார் அப்பா.

"பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்கிறார் அப்பத்தா.

மூன்று பேர் பேசினார்கள். அவர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அப்பத்தாதான்! ஏன் என்று பார்ப்போம்.

முத்துக் குளித்த நாடு

கடலுக்குள் மூழ்குவது தமிழர்களுக்குப் பழக்கமான தொழில். மன்னார் வளைகுடாவில் பல நூறு ஆண்டுகளாக முத்துக் குளித்தார்கள். தூத்துக்குடி இதற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில். சங்கு குளிக்கும் தொழில் அதற்குப் பிறகும் நடந்து வருகிறது.

அந்தக் காலத்து முத்துக் குளிப்பவரிடம் கண்ணாடி இல்லை. காற்று உருளையும் இல்லை. ஒரு கனமான கல்லைக் கயிற்றில் கட்டுவார்கள். அதன் மேல் காலை வைத்து, மூச்சை அடக்கி, அவர் கீழே இறங்குவார். அடியில் கிடக்கும் சிப்பிகளைப் பைக்குள் அள்ளிப் போடுவார். மூச்சு முட்டும் சமயத்தில் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுப்பார்.

அந்தக் கயிறு யார் கையில் இருக்க வேண்டும்? மச்சானிடம்தான் கொடுக்க வேண்டும் என்று கதையாகச் சொல்லுவார்கள். தன் அக்காள் தங்கை தாலி அறுபட எந்த மச்சான் சம்மதிப்பான்? ஆகையால் அவன் கண் அசராமல் கயிற்றைப் பிடித்திருப்பான்!

கதையோ, உண்மையோ, இதில் பெரிய பாடம் இருக்கிறது. கடலுக்குள் போகிறவன் உயிர், மேலே இருப்பவனின் அக்கறையில் தொங்குகிறது. கருவி வந்த பிறகும் இந்தப் பாடம் மாறவில்லை. இன்றும் யாரும் தனியாக மூழ்கக் கூடாது. ஒருவருக்கு ஒருவர் துணையாக, இருவராகத்தான் போக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர், பயிற்சி பெற்ற ஆசிரியரின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

உருளையில் இருப்பது என்ன?

1943-ம் ஆண்டில், உலக யுத்தத்தின் நடுவே, பிரான்ஸ் நாட்டில் இரண்டு பேர் ஒரு கருவியை உருவாக்கினார்கள். ஒருவர் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ. மற்றவர் எமில் கன்யான் என்ற பொறியாளர். மூச்சை இழுக்கும்போது மட்டும், தேவையான அளவு காற்றைத் தரும் கருவி அது. இன்றைய ஸ்கூபா கருவிகள் அந்த வழியில் வந்தவை.

உருளையில் இருப்பது வெறும் பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பொழுதுபோக்காக மூழ்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் தருவது நாம் சுவாசிக்கும் அதே காற்றுத்தான். அதை நன்றாக அழுத்தி அடைத்திருப்பார்கள்.

கருவி நல்லதுதான். ஆனால் கடலுக்கு என்று சில சட்டங்கள் உண்டு. அந்தச் சட்டங்கள் பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒன்றே.

கடலின் மூன்று சட்டங்கள்

முதல் சட்டம்: மூச்சை அடக்காதே.

இது முத்துக் குளிப்பவரின் வழக்கத்துக்கு நேர் எதிரானது. தண்ணீருக்குள் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அங்கே உருளையிலிருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் என்ன ஆகும்? அழுத்தம் குறையும். உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். திருவிழாவில் பலூனை அளவுக்கு மீறி ஊதினால் என்ன ஆகிறது? அதே கதி நுரையீரலுக்கும் நேரலாம். ஆகையால் ஸ்கூபா கருவியோடு இருக்கும்போது எப்போதும் சீராக மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது சட்டம்: காதை மறக்காதே.

ஒரு கிணற்றில் மூழ்கும்போதே காது அடைப்பது நமக்குத் தெரியும். கீழே இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு செய்வதல்ல. வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் இது முடியாது. அன்று கடலில் இறங்கவே கூடாது. "பணம் கட்டி விட்டோமே" என்று இறங்கினால், பணத்தோடு காதும் போகும்!

மூன்றாவது சட்டம்: மெதுவாக மேலே வா, அவசரமாக விமானம் ஏறாதே.

கோலி சோடாவைத் திறந்தால் நுரை பொங்குகிறது அல்லவா? அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் குமிழியாக வெளியே வருகிறது. ஆழத்தில் காற்றைச் சுவாசிக்கும்போது, அதில் உள்ள நைட்ரஜன் வாயு நம் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது உடம்புக்குள்ளேயே குமிழி விடும். மூட்டு வலி வரும். கை கால் முடங்கிப் போவதும் உண்டு. ஆகையால் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் இல்லாமல் ஏற வேண்டும் என்கிறார்கள். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது நல்ல வழக்கம்.

விமானத்துக்குள்ளும் அழுத்தம் குறைவு. ஒரு தடவை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல தடவை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் பொறுத்துத்தான் விமானம் ஏற வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் இதை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: கடைசி நாள் கரைக்கு, அதற்கு முந்திய நாளோடு கடல் முடிந்தது. பயணச்சீட்டு வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

புறாத்தீவுகள் இரண்டு

எங்கே போவது? உலகத்துப் பணக்காரர்கள் கரீபியன் கடலில் உள்ள சிறு தீவுகளுக்குப் போகிறார்கள். கூட்டமில்லாத கரை, தெளிந்த நீர், பவளப்பாறை, வண்ண மீன்கள்!

அந்தத் தீவுகளில் ஒன்று குவாடலூப். நமக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1854-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் அந்தத் தீவைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்ய இந்தியர்களை முதன்முதலாக ஏற்றிச் சென்ற கப்பல் அது. 1889-ம் ஆண்டு வரை 40 ஆயிரத்துக்கும் அதிகமான பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று அங்கே பலருக்குத் தமிழ் பேசத் தெரியாது. ஆனால் ராமசாமி, வீரப்பன் போன்ற பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்து நிற்கின்றன. அவர்கள் கட்டிய கோவில்களும் இருக்கின்றன.

அந்தத் தீவின் கரையோரம் இரண்டு குட்டித் தீவுகள் உள்ளன. புறாத்தீவுகள் என்று பொருள்படும் பெயர் அவற்றுக்கு. அதைச் சுற்றியுள்ள கடல், கருவி கண்டுபிடித்த கூஸ்தோவின் பெயரால் வழங்குகிறது. மூழ்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே கூடுகிறார்கள்.

ஆனால் புறாவைத் தேடி உலகத்தின் மறுபாதிக்குப் போக வேண்டுமா? நமக்குப் பக்கத்திலேயே ஒரு புறாத்தீவு இருக்கிறது! இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரே உள்ளது அது. அங்குள்ள தமிழர்கள் புறாமலை என்கிறார்கள். 2003-ம் ஆண்டில் அது தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. பவளப்பாறையும் வண்ண மீன்களும் கரைக்கு அருகிலேயே தெரியும். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கும் இது ஒத்து வரும்.

நம் நாட்டிலேயே போக வேண்டுமானால் அந்தமான் இருக்கிறது. ஹேவ்லாக் என்று முன்பு அழைக்கப்பட்ட தீவுக்கு 2018-ம் ஆண்டு முதல் சுவராஜ் தீவு என்று பெயர். ஸ்கூபாவுக்கு அது பேர் போன இடம். ஆனால் அங்கே பருவம் வேறு. மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பே போய்த் திரும்ப வேண்டும்.

இடத்தை முதலில் தேர்ந்தெடுத்து, பிறகு மாதத்தைப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். மாதத்தை முதலில் பார்த்து, பிறகு இடத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

விளம்பரத்தில் மீன்தான் இருக்கும், ஆபத்து இருக்காது. ஆகையால் நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது.

ஆசிரியருக்குப் பயிற்சிச் சான்றிதழ் உண்டா? ஒரு ஆசிரியர் ஒரே சமயத்தில் எத்தனை பேரை அழைத்துப் போவார்? புதியவருக்கு, ஒருவருக்கு ஒரு ஆசிரியர் என்பதே நிம்மதி.

படகில் பிராணவாயு உருளையும் முதல் உதவிப் பெட்டியும் இருக்கின்றனவா? குமிழி நோய் வந்தால் சிகிச்சை தரும் அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது? அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?

உடல்நிலை பற்றிய கேள்வித்தாள் தருகிறார்களா? தந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது ஆபரேஷன் இவை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. கர்ப்பிணிகள் மூழ்கக் கூடாது. கேள்வித்தாளே தராமல் "வாங்க, வாங்க" என்று அழைப்பவரிடம் இருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

பொதுவாக 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கடலில் ஸ்கூபாவுக்கு அழைத்துப் போவதில்லை. ஒரு நாள் பழக்கத்துக்கு வருகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டு போவதும் இல்லை. முறையாகக் கற்றுச் சான்றிதழ் வாங்க மூன்று அல்லது நான்கு நாள் ஆகும். அதற்கு 200 மீட்டர் தூரம் நீந்திக் காட்ட வேண்டும். 10 நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும்.

"வீண் செலவு" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு, மிதவைச் சட்டையோடு நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி குனிந்து பார்த்தாலே பவளப்பாறை நன்றாகத் தெரியும். செலவும் குறைவு, பயமும் குறைவு. பக்கத்தில் துணை மட்டும் இருக்க வேண்டும். அப்பத்தாவுக்கு அதுகூட வேண்டாம். படகிலோ கரையிலோ உட்கார்ந்து கடல் காற்று வாங்கட்டும்!

நம் கடலின் செல்வம்

"நம் மாவட்டத்திலும் கடல் இருக்கிறதே! இங்கேயே மூழ்கிப் பார்க்கலாமே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

இருக்கிறது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் கடற்கரை ஊர்கள். ஆனால் இந்தப் பாக் கடல் ஆழம் குறைந்தது. சேற்றுத் தரை கொண்டது. கண்ணாடி போட்டு வேடிக்கை பார்க்கிற கடல் அல்ல இது. இது ஒரு மேய்ச்சல் நிலம்!

யார் மேய்கிறார்கள்? கடற்பசு! மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் பிராணி அது. மீனைப்போல இருந்தாலும் மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். மூச்சு விட நீருக்கு மேலே வரும். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். கடலுக்கு அடியில் வளரும் புல்லைத் தின்று வாழும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே சில ஆண்டுகள் ஆகும். ஆகையால் ஒன்று செத்தாலும் பெரிய நஷ்டம்.

இந்தப் பிராணிக்காக நம் நாட்டில் முதன்முதலாக ஒரு பாதுகாப்பகம் 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அறிவிக்கப்பட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், 448 சதுர கிலோ மீட்டர் பரப்பு. இந்தப் பெருமை நம் மாவட்டத்துக்கும் உண்டு என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? வலையில் சிக்கிய கடற்பசுவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் உண்டு. வலை அவர்களுடைய முதல். முதலை அறுத்து ஒரு உயிரைக் காத்தவர்களை எவ்வளவு போற்றினாலும் தகும்.

கரீபியன் கடலில் பொனேர் என்ற சிறு தீவு இருக்கிறது. ஜனத்தொகையில் நம் ஊர் ஒரு சிறு நகரத்துக்குச் சமம். 1971-ம் ஆண்டிலேயே அங்கே ஈட்டியால் மீன் குத்துவதைத் தடுத்தார்கள். 1975-ல் பவளம் உடைப்பதைத் தடுத்தார்கள். 1979-ல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் பூங்கா ஆக்கினார்கள். மூழ்க வருகிறவர் கட்டணம் கட்ட வேண்டும். கடலின் விதிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று மூழ்கிப் பார்க்கிறவர்களால் அந்தத் தீவு பிழைக்கிறது. கடலைக் காத்தார்கள், கடல் அவர்களைக் காக்கிறது.

விடுமுறைக்குப் போகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. பவளப்பாறை கல் அல்ல, உயிர். அதைத் தொடாதீர்கள்; மிதிக்காதீர்கள். சங்கோ பவளமோ ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள். பவளம் எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.

அப்பத்தாவின் கேள்வி

இப்போது அப்பத்தாவின் கேள்விக்கு வருவோம். "பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?"

"நீச்சல் தெரியாவிட்டாலும் ஸ்கூபா செய்யலாம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆசிரியர் பிடித்துக்கொண்டே போவதால், ஒரு நாள் பழக்கத்துக்கு அது நடக்கக்கூடியதுதான். ஆனால் நீச்சல் தெரியாதவருக்கு நீரைக் கண்டால் உள்ளுக்குள் நடுக்கம் இருக்கும். கண்ணாடிக்குள் இரண்டு சொட்டு நீர் புகுந்தாலே பதறிப் போவார். பதற்றத்தில் மூச்சை அடக்குவார், மேலே பாய்வார். மூன்று சட்டங்களில் இரண்டு அங்கேயே உடைந்துவிடும்!

இது கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சொல்லும் வார்த்தை அல்ல. நம் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். ஊருக்கு ஊர் ஊருணி, குளம், கல் குவாரிக் குட்டை. விடுமுறை வந்தால் பிள்ளைகள் அங்கேதான் ஓடுகிறார்கள். சில வீடுகளில் அவர்கள் திரும்பி வருவதில்லை. 2021-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று அதே ஸ்தாபனம் எல்லா நாடுகளுக்கும் சொல்லுகிறது.

முன்பு தகப்பனார் இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினார். சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா குளத்தில் விட்டார். ஒரு கோடை முடிவதற்குள் பிள்ளை நீந்தியது. இன்று பல கிணறுகள் தூர்ந்துவிட்டன. கற்றுக்கொடுக்கப் பெரியவர்களுக்கு நேரமும் இல்லை. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊராட்சிகளும் பள்ளிகளும் மனம் வைத்தால் இது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஆழம் குறைந்த ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கலாம். மூங்கில் நட்டு, கயிறு கட்டி, எல்லை வகுக்கலாம். நன்றாக நீந்தத் தெரிந்த ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் கோடையில் ஒரு மாதம் அமர்த்தலாம். பெண் பிள்ளைகளை ஒதுக்கக் கூடாது. நீருக்கு ஆண் பெண் தெரியாது. ஆழமான குட்டைகளுக்கு வேலி போடலாம். கடற்கரைப் பள்ளிகளில், நீரில் தவிப்பவருக்குக் கயிறோ கம்போ நீட்டிக் காப்பாற்றும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். தெரியாதவன் குதித்தால் ஒரு உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஸ்கூபா விடுமுறை சில வீடுகளுக்குத்தான் கைகூடும். நீச்சல் எல்லா வீட்டுக்கும் வேண்டும். வசதி உள்ளவர்கள் போகட்டும். கடலின் அழகைப் பார்த்து வரட்டும். வந்து நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். ஆனால் பெட்டி கட்டும் முன்பு, இந்தக் கோடையிலேயே, பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பட்டும்.

முத்துக் குளித்தவர் தம் கயிற்றை நம்பிக்கையான கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். நம் பிள்ளைகளின் கயிறு இப்போது நம் கையில் இருக்கிறது. கண் அசரலாமா?